வினாவால் விளையும் மனமாற்றம்

பிறரைத் திருத்தப் புகுவார் பெரும்பாலும் அறிவுரையையே கருவியாகக் கொள்வர். குடியரிடத்து அக்கருவி பயன்படுதல் அரிது. திருக்குறளில் கள்ளுண்ணாமை அதிகாரத்தின் இறுதியில் நிற்கும் இரு குறட்பாக்களை நோக்குவோம். 929-ஆம் குறள், குடித்து மயங்கினவனுக்கு நியாயம் எடுத்துரைத்தல் வீண் என்கின்றது. 930-ஆம் குறளோ, குடியாதிருக்கும் நேரத்தில் பிறனொருவன் தடுமாறுவதைப் பார்க்கும்போதாவது தன் நிலை அவன் நெஞ்சிற் படாதோ என வினவுகின்றது. பிறர் காட்டும் காரணத்தினும் தான் காணும் காரணமே வலிது என்பது இவ்விரண்டையும் சேர்த்துப் படிப்பார்க்குப் புலனாம்.

இதனோடொத்த கருத்தினை ஒரு முறையாக வகுத்து 1983-இல் வெளியிட்டார் வில்லியம் மில்லர் என்னும் அமெரிக்க உளநூலறிஞர். ஸ்டீபன் ரோல்நிக் என்பாரோடு சேர்ந்து 1991-இல் அதனை நூலாகவும் இயற்றினார். ஊக்க நேர்காணல் என நாம் அதனை வழங்கலாம். இம்முறையில் ஆலோசகர் கட்டளையிடார். வினவுவார், செவிசாய்ப்பார், கேட்டதைத் தொகுத்துரைப்பார்.

மாந்தர் இயல்பு ஒருபடித்தன்று. ஆகலின் வினாவும் ஒருபடித்தாதல் கூடாது. புதுவைக் கடற்கரையிலுள்ள மீனவர் ஊராகிய பிள்ளைச்சாவடியில், குடிக்கும் தமையனைத் தம்பி திருத்த விழைவதாகக் கொள்வோம். தமையன் வாதாடும் இயல்பினனாயின், எதிர்வாதம் செய்தலாகாது. 'முடிவு உங்களுடையதே, அண்ணா' என்னும் சொல் எதிர்ப்பைத் தணிக்கும். எதற்கும் தலையசைப்பவனாயின், வாக்குறுதி பெற்று மகிழ்தலாகாது. 'நாளை கரையேறியதும் என்ன செய்யப் போகிறீர்கள்?' என வினவுதல் வேண்டும். நாணித் தலைகவிழ்பவனாயின், அவன் குடியாதிருந்த நாள்களை நினைவூட்டி, அன்று எவ்வாறு இயன்றது எனக் கேட்டல் தகும். அதிகம் பேசாதவனாயின், குடியை விடுதல் தனக்கு எவ்வளவு முக்கியம் என்பதை 0 முதல் 10 வரை ஓர் எண்ணாற் கூறச் செய்யலாம். அவன் 3 என்றால், 'ஏன் 8 அன்று?' என்னாது, 'ஏன் 0 அன்று?' எனக் கேட்க வேண்டும். 'பிள்ளைகள் இருக்கிறார்களே' என்று அவன் விடையிறுப்பானாயின், அக்காரணம் அவன் வாயிலேயே பிறந்ததாகும்.

இது வெறுங் கொள்கையன்று. கோவாவில் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், தீங்கு பயக்குமளவு குடித்துவந்த 377 ஆடவரிடம் நிகழ்ந்த ஆராய்ச்சியின் முடிவு 2017-இல் வெளிவந்தது. மருத்துவரல்லாத, பயிற்சி பெற்ற பொதுமக்களே இவ்வகை ஆலோசனையை நான்கு அமர்வுகளுக்கு மேற்படாது வழங்கினர். மூன்று திங்கள் கழிந்தபின், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றாருள் நூற்றுக்கு 26 பேரும், ஆலோசனையும் பெற்றாருள் நூற்றுக்கு 36 பேரும் அத்தீய நிலையினின்று மீண்டிருந்தனர்.

எனினும் நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தின் வலிப்பு முதலிய இடர்கள் நேரலாம். அவர்க்கு மருத்துவர் துணை இன்றியமையாதது.

பெதஸ்தா குளத்தருகே 38 ஆண்டுகளாக நோயுற்றிருந்தவனிடம் இயேசு பெருமான் முதற்கண் வினவியது அவனது விருப்பத்தையே. விடுமுறையில் இல்லஞ் செல்லும் நாமும், நம் தமையனாரையோ தந்தையாரையோ கடிந்துரைக்குமுன், அவர் விரும்புவது யாதெனக் கேட்டறிவோமாக.