பல்லில் கறை, பாறையில் காரணம்

தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியைச் சுற்றியுள்ள ஊர்களில் பல்லில் பழுப்புக் கறையோடு இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கலாம். ஒழுங்காகப் பல் தேய்க்காததால் வந்த கறை என்பதுதான் பலரது நம்பிக்கை. அது தவறு. ஈறுக்குள் நிலைப்பற்கள் உருவாகும் பருவத்தில், ஏறத்தாழ எட்டு வயதுக்குள், குடிநீர் வழியே மிகுதியாகச் சேர்ந்த ஃபுளோரைடு எனாமலைக் கெடுத்துவிடுகிறது. பிறகு எப்படித் தேய்த்தாலும் போகாது. இதற்காகப் பிள்ளையைத் திட்டுவது அநியாயம். இந்த நீரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகி, முதுகு வளைந்துவிடவும் கூடும். பழைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் 1937லேயே மருத்துவர்கள் இந்த எலும்பு நோயைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

“ஆழமான போர்த் தண்ணீர் சுத்தமானது” என்பது இன்னொரு நம்பிக்கை. தருமபுரி மண்ணுக்கு இது பொருந்தாது. இங்கே அடியில் இருப்பது கருங்கல் பாறை. அதிலுள்ள அபடைட், பயோடைட் போன்ற கனிமங்களில் ஃபுளோரைடு இருக்கிறது. பாறை வெடிப்புகளில் நீர் நெடுங்காலம் தங்கும்போது அது கரைந்து வருகிறது; நீரில் கால்சியம் குறைந்து காரத்தன்மை கூடினால் இன்னும் அதிகமாகக் கரையும். எந்த ஆலையும் கலந்த நஞ்சல்ல இது. ஆனால் பாறையை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்கவும் முடியாது. ஏரிகளைத் தூர்ந்துபோக விட்டு, மேல்கிணறுகளை வற்றவைத்து, நூற்றுக்கணக்கான அடிக்குத் துளை போட்டு அந்த நீரை மேலே கொண்டுவந்தது நாம்தான்.

கொதிக்கவைத்தால் சரியாகிவிடுமா? கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாகக் குறைவதால் அதன் செறிவு கூடத்தான் செய்யும். நிறத்திலோ சுவையிலோ கண்டுபிடிக்கவும் வழியில்லை, பரிசோதனை ஒன்றுதான் வழி. இந்தியத் தர அளவுப்படி ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை.

“ஒகேனக்கல் தண்ணீர்தான் வந்துவிட்டதே” என்பார்கள். ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் கொண்டுவர, ஜப்பான் கடனுதவியோடு சுமார் 1,928 கோடி ரூபாயில் அமைந்த அந்தக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கப்பட்டது. பெரிய காரியம். ஆனால் குடிக்க மட்டும் காவிரி நீரை வைத்துக்கொண்டு, களி கிண்டவும் பருப்பு வேகவைக்கவும் டீ போடவும் போர்த் தண்ணீரை ஊற்றினால் ஃபுளோரைடு சாப்பாட்டோடு உள்ளே போகிறது. உலையில் வைக்கும் தண்ணீரும் காவிரித் தண்ணீராகவே இருக்கட்டும், குறிப்பாக எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருக்கும் வீடுகளில்.