பக்கம் மாறினால் குறி மாறுமா?

பள்ளிக்கூடத்தை விட்டு வெகுகாலம் ஆனவர்களுக்கும் ஒருபடிச் சமன்பாடு என்றதும் நினைவுக்கு வருவது ஒரே வாக்கியம்தான்: பக்கம் மாறினால் குறி மாறும். கூட்டல் கழித்தலாகும், கழித்தல் கூட்டலாகும்; இது தெரிந்தால் போதும், இரு பக்கங்களையும் முதலில் சுருக்கி எழுதுவது நேரத்தை வீணாக்கும் சடங்கு என்பது பரவலான நம்பிக்கை. அந்த வாக்கியம் பொய்யில்லை. ஆனால் அதனுடன் சேர்ந்திருந்த ஒரு நிபந்தனை மறந்துபோய், வாக்கியம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பக்கம் மாறும் உரிமை உறுப்புக்கு மட்டுமே உண்டு. எது உறுப்பு, எது உறுப்பின் உள்ளே அடைபட்டிருக்கும் துண்டு என்பது பல கணக்குகளில் சுருக்கிய பிறகுதான் தெளிவாகத் தெரியும்.

மாறியை ம என்று வைத்துக்கொண்டு 5(ம − 2) − 2(ம − 7) = 19 என்ற சமன்பாட்டைப் பார்க்கலாம். வாக்கியத்தை மட்டும் நம்புகிறவர் கண்ணில் −2, −7 இரண்டும் படும். இரண்டையும் வலப்பக்கம் கொண்டுபோய்க் குறியை மாற்றி 3ம = 28 என்று எழுதிவிடுவார். விதியைச் சொன்னபடியேதான் பின்பற்றியிருக்கிறார்; விடை மட்டும் தவறு. ஏனென்றால் அந்த −2 ஐ 5 பெருக்கிக்கொண்டிருக்கிறது, −7 ஐ இன்னொரு −2 பெருக்கிக்கொண்டிருக்கிறது. அடைப்புக்குறிகளை நீக்கினால் இடப்பக்கம் 5ம − 10 − 2ம + 14 ஆகிறது. கழித்தலாகத் தோன்றிய 7 உண்மையில் 14 ஐக் கூட்டிக்கொண்டிருந்தது! ஒத்த உறுப்புகளைச் சேர்த்தால் 3ம + 4 = 19. இங்கே 4 ஓர் உறுப்பு, அதை நகர்த்தலாம்: 3ம = 15, ம = 5. உண்மையில் எதுவும் நகரவும் இல்லை. இரு பக்கங்களிலிருந்தும் 4 ஐக் கழித்தோம், அவ்வளவே. இதை மறந்து ‘நகர்த்தல்’ மட்டும் மனதில் பதிந்தவர்தான் 3ம = 15 இல் உள்ள 3 ஐயும் குறி மாற்றி, ம = 15 − 3 என்று எழுதுகிறார்.

சுருக்குவது பிற்காலப் பாடநூல்காரர்கள் சேர்த்த தொல்லை என்று நினைத்தால் அதுவும் சரியில்லை. 499 ஆம் ஆண்டை ஒட்டி ஆரியபட்டர் இயற்றிய ஆரியபட்டீயத்தில் இதற்கொரு விதி இருக்கிறது. இருவரிடம் சமமான செல்வம் உள்ளது; ஒவ்வொருவரிடமும் விலை தெரியாத ஒரே வகைப் பொருள் சிலவும் கொஞ்சம் ரொக்கமும் இருக்கின்றன. ரொக்கங்களின் வித்தியாசத்தைப் பொருள்களின் எண்ணிக்கை வித்தியாசத்தால் வகுத்தால் ஒரு பொருளின் விலை கிடைக்கும். 628 இல் பிரம்மகுப்தரும் இதே வழியைத் தருகிறார். இந்த விதியை எப்போது பயன்படுத்தலாம் என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொருவரிடமும் பொருள் எத்தனை, ரொக்கம் எவ்வளவு என்று எண்ணி முடித்த பிறகுதான். அதாவது, இரு பக்கங்களும் ஏற்கெனவே சுருங்கியிருக்க வேண்டும்.

அதே விதி இன்னொரு நம்பிக்கையையும் சோதிக்கிறது: சமன்பாடு என்றால் ஒரு விடை இருந்தே தீரும், மாறி காணாமல் போனால் எங்கோ தப்பு செய்துவிட்டோம் என்பது. இருவரிடமும் பொருள்களின் எண்ணிக்கை ஒன்றே என்றால் வித்தியாசம் சுழியம், வகுக்க வழியில்லை. 2(ம + 3) + ம = 3ம + 6 என்பதைச் சுருக்கினால் இரு பக்கமும் 3ம + 6. எந்த எண்ணைப் போட்டாலும் பொருந்தும். வலப்பக்கத்தில் 6 க்குப் பதில் 5 இருந்தால் எந்த எண்ணும் பொருந்தாது. சுருக்கி எழுதியவருக்கு இது இரண்டாம் வரியிலேயே தெரிந்துவிடும். சுருக்காமல் உறுப்புகளை அங்குமிங்கும் மாற்றிக்கொண்டிருப்பவர் கடைசியில் 0 = 0 என்றோ 6 = 5 என்றோ வந்து நின்று, திருத்த ஒன்றுமில்லாத இடத்தில் பிழையைத் தேடுவார்.

எப்போதும் அடைப்புக்குறியைத்தான் முதலில் நீக்க வேண்டுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 3(ம − 4) = 21 என்றால் இரு பக்கங்களையும் 3 ஆல் வகுத்து ம − 4 = 7 என்று முடிப்பதே கெட்டிக்காரத்தனம். இடப்பக்கம் முழுவதும் ஒரே பெருக்கலாக இருப்பதால் அது செல்லும். ஆனால் இது சமன்பாட்டுக்கு மட்டுமே கிடைத்த சலுகை. 3ம + 6 என்ற கோவை தனியாக நின்றால் அதை 3 ஆல் வகுத்து ம + 2 ஆக்க முடியாது. அதன் மதிப்பே மாறிவிடும். பின்னங்களுக்கும் இதே கதைதான். ம/2 + ம/3 = 10 என்பதை 6 ஆல் பெருக்கி 5ம = 60 ஆக்கலாம்; சமக்குறி இல்லாத ம/2 + ம/3 ஐ 6 ஆல் பெருக்கினால் அது வேறொரு கோவை. சுருக்குதல் கோவையின் மதிப்பைத் தொடாமல் உருவத்தை மட்டும் மாற்றும். தீர்த்தல் இரு பக்கங்களின் மதிப்பையும் ஒரே விதமாக மாற்றும்.

சின்னக் கணக்குகளுக்கு எண்களைப் போட்டுப் பார்த்தே விடை கண்டுவிடலாமே என்பவர்கள் உண்டு. விடை 5 ஆக இருக்கும்வரை அது நடக்கும். பின்னமாக இருந்தால் நடப்பது கடினம். இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது: சுருக்கும்போதுதான் பெரும்பாலான குறிப்பிழைகள் நுழைகின்றன என்பது. மறுக்க முடியாது. அதற்காகச் சுருக்காமல் விடவும் முடியாது. விடையை எந்த வரியில் போட்டுச் சரிபார்க்கிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும். முதல் கணக்கில் ஒருவர் +14 க்குப் பதில் −14 என்று எழுதிவிட்டதாக வைத்துக்கொள்வோம். அவருக்கு 3ம − 24 = 19, அதாவது ம = 43/3 கிடைக்கும். தான் சுருக்கிய வரியிலேயே அதைப் போட்டுப் பார்த்தால் 19 கச்சிதமாக வந்து நிற்கும். கேள்வித்தாளில் உள்ள சமன்பாட்டில் போட்டால் இடப்பக்கம் 47 ஆகும்.