படம் எடுத்த இடம் எது?
புகைப்படங்களை நிலப்படத்தில் சேர்க்கும் முறை

சுபாங் ஜெயா நகரம் இன்று நிற்கும் நிலம் முன்னாளில் சீபீல்டு தோட்டம். 1976-ஆம் ஆண்டில் அங்கு நகரமைப்புப் பணி தொடங்கியது. பெட்டாலிங் ஜெயாவும் எஃபிங்காம் தோட்டத்து நிலத்தில் எழுந்ததே. இவ்வாறு கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் பல நகரங்களாக மாறிவிட்டன. லயங்களும், பெரட்டுக் களமும், ஆயாக்கொட்டகையும், கோயிலும், இடுகாடும் இருந்த இடங்களை அங்கு வாழ்ந்த முதியோரே அறிவர். அவர்களிடம் பழைய படங்கள் இருக்கலாம். ஆயினும், "தாத்தா, இது எந்த இடம்?" என்று பேரன் கேட்கும்போது விடை கூற அவர்கள் இல்லாத காலம் வந்துவிடும்.

இன்று நம் கண்முன் உள்ள இடங்களுக்கேனும் அந்நிலை வாராமல் காக்கலாம். படம் எடுக்கும்போதே அது எடுக்கப்பட்ட இடத்தையும் பதிவு செய்யும் முறையை இக்கட்டுரையில் காண்போம்.

முறையின் அடிப்படை

ஜி.பி.எஸ். துணைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் பூமியை வலம் வருகின்றன. ஒவ்வொன்றிலும் மிகத் துல்லியமான அணுக் கடிகாரம் உண்டு. குறைந்தது நான்கு துணைக்கோள்களின் அலைகள் கிடைத்தால், நம் கையிலுள்ள கருவி தான் நிற்கும் இடத்தைக் கணக்கிட்டுவிடும். திறந்த வெளியில் கைப்பேசி காட்டும் இடம் பெரும்பாலும் ஐந்து மீட்டர் அளவுக்குச் சரியாக இருக்கும்.

நாம் நடக்கும்போது கருவி சில நொடிகளுக்கு ஒரு முறை நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொண்டே வரும். இக்குறிப்புகளின் தொடரே நடைத்தடம். படப்பெட்டியோ, படம் எடுத்த நேரத்தை ஒவ்வொரு படத்தின் உள்ளேயும் எழுதி வைக்கிறது. தடத்தில் நேரமும் இடமும் உள்ளன. படத்தில் நேரம் மட்டும் உள்ளது. இரண்டிற்கும் பொதுவான நேரத்தைக் கொண்டு பொருத்தினால் படத்திற்கும் இடம் கிடைத்துவிடும்.

எடுத்துக்காட்டாக, 10 மணி 20 நிமிடம் 5 நொடிக்கு ஒரு படம் எடுத்தோம் என்க. தடத்தில் 20 நிமிடம் 0 நொடிக்கு ஒரு புள்ளியும், 10 நொடிக்கு அடுத்த புள்ளியும் உள்ளன. படம் அவ்விரு புள்ளிகளுக்கும் நடுவே எடுக்கப்பட்டதாகக் கொள்ளலாம்.

இட வசதி முடுக்கப்பட்ட கைப்பேசிகள் தாமே படத்தில் இடத்தை எழுதிவிடும். தனிப் படப்பெட்டிகள் பலவற்றில் அவ்வசதி இல்லாமையால் இம்முறை தேவைப்படுகிறது.

கடிகாரம் பிழைத்தால்

தோட்டத்தில் பெரட்டு மணி ஒன்றே. ஒவ்வொருவரும் தத்தம் கடிகாரத்தைப் பார்த்து வந்தால் வேலை என்னவாகும்? இங்கும் அப்படியே. மணிக்கு நான்கு கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவர் ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 67 மீட்டர் கடக்கிறார். படப்பெட்டியின் கடிகாரம் மூன்று நிமிடம் பிந்தியிருந்தால் பிழை 200 மீட்டர் ஆகும். கோயிலின் படம் பள்ளிக்கூடத்தின் மேல் போய் விழும்!

மற்றொன்றும் நினைவிற்கொள்ள வேண்டும். நடைத்தடம் பொதுவாக உலகப் பொது நேரத்தில் எழுதப்படும். மலேசிய நேரம் அதற்கு எட்டு மணி முந்தியது. நமக்குக் காலை 10 மணி என்றால் தடத்தில் அதிகாலை 2 மணி. 1982 ஜனவரி முதல் நாளன்று தீபகற்பத்தில் கடிகாரங்களை அரை மணி முன்னே நகர்த்தியதை மூத்தோர் மறந்திரார். அன்று முதலே இந்த எட்டு மணிக் கணக்கு நிலைபெற்றது. பொருத்தும் நிரலில் இதைச் சரியாகக் குறிப்பிடுதல் வேண்டும்.

செய்முறை

1. கைப்பேசியில் தடம் பதியும் செயலியைத் தொடங்குக. ஆஸ்மாண்ட் போன்றவை இதற்கு உதவும்.

2. முதற்படமாக, நொடி தெரியுமாறு கைப்பேசிக் கடிகாரத்தைப் படப்பெட்டியால் எடுக்க. கைப்பேசி 10.00 எனக் காட்ட, அப்படத்தில் 9.57 எனப் பதிந்திருந்தால், எல்லாப் படங்களுக்கும் மூன்று நிமிடம் கூட்டுதல் வேண்டும்.

3. படம் எடுக்கும் இடத்தில் சற்றே நின்று எடுக்க. செம்பனை ஓலைகளின் அடியில் அலைகள் வலுவிழக்கும். உயர்ந்த கட்டடங்களின் சுவரில் பட்டு அவை திரும்பவும் கூடும். அருகில் வெட்டவெளி இருப்பின் அங்கு ஓரிரு நிமிடம் நிற்பது நன்று.

4. வீடு திரும்பியதும் தடத்தை ஜி.பி.எக்ஸ். கோப்பாகச் சேமிக்க. டிஜிகேம், எக்ஸிஃப்டூல் முதலிய இலவச நிரல்கள் தடத்தையும் படங்களையும் பொருத்தித் தரும். மூலப் படங்களை மாற்றாமல் தனியே வைத்துப் படிகளில் மட்டும் இதைச் செய்க.

5. நன்கு தெரிந்த ஒரு படத்தை நிலப்படத்தில் வைத்துச் சரிபார்க்க. அது விலகியிருந்தால் நேரத் திருத்தத்தை மீண்டும் கணக்கிடுக.

பயிற்சிக்குப் பிரிக்பீல்ட்ஸ் ஏற்ற இடம். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவாக வழிகாட்டிய துன் சம்பந்தனின் பெயர் தாங்கிய சாலையில் தொடங்கி, 1904-இல் எழுந்த விவேகானந்தா ஆசிரமத்தைப் படமெடுத்து, ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயில் வரை நடந்து பாருங்கள்.

கவனிக்க வேண்டியவை

தனியார் நிலத்தில் நுழையுமுன் இசைவு பெறுக. பிறர் வீட்டின் இடக் குறிப்புள்ள படத்தை அவர் அறியாமல் எவருக்கும் அனுப்பற்க. ஒவ்வொரு படத்துடனும் அவ்விடத்திற்கு மக்கள் வழங்கும் பெயர், விவரம் கூறியவர், நாள் ஆகியவற்றை எழுதி வைக்க. இடத்தைக் கருவி சொல்லும். அங்கு வாழ்ந்தவர் கதையை மனிதரே சொல்லல் வேண்டும்.

2004-இல் தொடங்கப்பட்ட ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் பொது நிலப்படத்தில், இன்றும் நிலைத்திருக்கும் கோயிலையும் பள்ளியையும் எவரும் இலவசமாகக் குறிக்கலாம்.

வரும் விடுமுறையில் இளைஞர் ஒருவர் படப்பெட்டியுடனும், முதியவர் ஒருவர் நினைவுகளுடனும் சேர்ந்து நடக்கட்டும். அவர் கைநீட்டிக் காட்டும் இடத்தில் நின்று எடுத்த படம், நாளை அவர் பேரப்பிள்ளைகளுக்கு வழிகாட்டும்.