முதலில் லாடத்தைக் கழற்றுங்கள்

கிண்டியிலும் ஊட்டியிலும் பந்தயக் குதிரைகளின் கால்களைக் குனிந்து பார்த்தே என் முதுகு வளைந்தது. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகள் நாலைந்து பேர் வருடாவருடம் லாயத்துக்கு வருவார்கள். வந்த மறுநாளே, "எக்ஸ்ரே எடுத்துடலாமா சார்?" என்பார்கள். அவர்களிடம் வாய்வலிக்கச் சொன்னதை எழுதி வைக்கும்படி மகள் நச்சரித்தாள். எண்களின் வரிசைக்குப் பொருள் தேட வேண்டாம். நினைவுக்கு வந்தபடி எழுதியிருக்கிறேன்.

1. மெஷினைத் தொடுவதற்கு முன் குதிரையை நடக்கவிட்டுப் பாருங்கள். கெட்டித் தரையில், நேர்கோட்டில், முதலில் நடை, பிறகு ட்ராட். முன்னங்கால் நொண்டும் குதிரை, வலிக்கிற கால் தரையைத் தொடும்போது தலையைத் தூக்கும். நல்ல கால் ஊன்றும்போது தாழ்த்தும். புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு நல்ல காலைப் படம் எடுத்துவிட்டு, "ஒண்ணும் இல்ல சார்" என்று வந்து நிற்பார்கள்.

குதிரையைப் பார்த்துக்கொள்ளும் சைஸிடம் பேசுங்கள். குதிரையோடு அதிக நேரம் இருப்பவர் அவர்தான். "நேத்து ராத்திரி காலை மாத்தி மாத்தி வெச்சுது" என்று அவர் சொல்லும் ஒரு வாக்கியம் எனக்குப் பத்துப் படங்களை மிச்சப்படுத்தியிருக்கிறது.

பிறகு இடுக்கியால் குளம்பை அழுத்திப் பாருங்கள். அதன் பிறகுதான் மரத்துப்போகும் ஊசி. கீழிருந்து மேலாக ஒவ்வொரு நரம்பாக மரக்கடித்து, எந்த இடத்தில் நொண்டல் நிற்கிறது என்று கண்டுபிடித்தால் படம் எடுக்க வேண்டிய இடம் தானாகத் தெரியும். ஒரு முதலாளி தோள்தான் பிரச்சினை என்று அடம்பிடித்து, வேறோர் இடத்தில் தோளை மூன்று முறை எக்ஸ்ரே எடுத்துவிட்டு என்னிடம் வந்தார். குளம்புக்குள் சீழ். லாடம் அடிப்பவர் கத்தியால் சுரண்டியதும் கறுப்பாக வடிந்தது. மறுநாள் குதிரை நடந்தது.

2. எலும்பு முறிவு என்று சந்தேகம் வந்தால் மரக்கடிக்கும் ஊசி கூடாது. வலிதான் அந்தக் காலைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. வலி போனால் குதிரை முழு எடையையும் போட்டு ஊன்றும்; மயிரிழை விரிசல் இரண்டு துண்டாகிவிடும்.

3. குளம்பை எடுக்கும்போது லாடத்தைக் கழற்றுங்கள். "காலையில்தான் அடிச்சோம் டாக்டர், அப்படியே எடுங்க" என்று டிரெயினர் கெஞ்சுவார். இரும்பின் நிழலுக்குப் பின்னால் பாதி எலும்பு ஒளிந்துகொள்ளும். கழற்றியபின் அடிக்குளம்பைச் சுரண்டி, பிரஷ்ஷால் தேய்த்து, நடுவில் இருக்கும் ஃப்ராகின் பள்ளங்களில் களிமாவு திணித்து நிரப்புங்கள். நிரப்பாவிட்டால் பள்ளத்தில் நிற்கும் காற்று, படத்தில் கறுப்புக் கோடாக எலும்பின் மேல் விழும். முறிவு மாதிரியே இருக்கும். எங்கள் காலத்தில் களிமாவு ஏது? மெஸ்ஸிலிருந்து சப்பாத்தி மாவு வாங்கி வருவேன். ஒரு கிழட்டுப் பெண்குதிரை அந்த மாவுக்காகவே என் சட்டைப்பையை முகர்ந்துகொண்டிருக்கும்.

4. ஒரே கோணத்தில் எடுத்த படத்தை நம்பி எதுவும் சொல்லாதீர்கள். முட்டிக்குக் கீழே எந்த மூட்டானாலும் முன்னிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, இரண்டு சாய்கோணங்கள் என்று குறைந்தது நான்கு வேண்டும். அடையாள எழுத்தைக் காலின் வெளிப்பக்கத்திலோ முன்பக்கத்திலோ வையுங்கள். இடதா வலதா என்பதைக் கணினியில் பிறகு தட்டிக்கொள்ளலாம் என்று விட்டால், என்றாவது ஒருநாள் தவறான காலுக்கு வைத்தியம் நடக்கும்.

5. இது என் தவறு. வெளியூரில் ஒரு பந்தயத்துக்குப் பிறகு மூன்று வயதுக் குதிரையொன்று முன்னங்காலில் லேசாக நொண்டியது. அன்று மாலையே நான்கு கோணங்களிலும் எடுத்தேன். சுத்தமாக இருந்தது. ஐந்து நாள் ஓய்வு சொன்னேன். நொண்டல் குறைந்ததும் ஓட்டத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த வாரம் காலை ஓட்டத்தில் ஃபெட்லாக் மூட்டுக்கு மேலே எலும்பு பிளந்தது. அங்கேயே கருணைக்கொலை.

விலகாத மயிரிழை விரிசல் முதல் நாள் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். விரிசலின் ஓரங்களை உடம்பே அரித்தெடுக்க ஏழு முதல் பதினான்கு நாள் ஆகும்; அதன்பிறகே கோடு புலப்படும். எலும்பிலிருந்து 30 முதல் 50 சதவீதம் தாது கரைந்தால்தான் எக்ஸ்ரே அதைக் காட்டும் என்று பாடத்தில் படித்திருந்தேன். படித்ததும் அந்த மாலையும் எனக்குள் சந்திக்கவில்லை. அறிக்கையில் 'முறிவு இல்லை' என்று எழுதாதீர்கள். 'இன்றைய படத்தில் முறிவு தெரியவில்லை. பத்து நாளில் மறுபடம்' என்று எழுதுங்கள். டிரெயினர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

6. ஃபிலிம் காலத்துச் சங்கதி ஒன்று. டெவலப்பர் 20 டிகிரியில் இருக்க வேண்டும். சென்னை மே மாதத்தில் தொட்டியைச் சுற்றி ஐஸ்கட்டி அடுக்குவோம். இல்லாவிட்டால் ஃபிலிமின் பூச்சே இளகி உரியும். அதே மாதம் ஊட்டி சீசனில் இரவில் டெவலப்பர் உறங்கிவிடும்; வெந்நீர்ச் சட்டிக்குள் தொட்டியை வைப்போம். ஒரு படத்துக்கு அத்தனை பாடுபட்டதால் எடுக்கும் முன் பத்து முறை யோசித்தோம். இப்போது டிஜிட்டல் பேனலில் சில விநாடிகளில் வந்துவிடுகிறது. நாற்பது படம் எடுத்து ஒன்றையும் ஒழுங்காகப் பார்க்காதவர்களைப் பார்க்கிறேன்.

7. தசைநாணுக்கு அல்ட்ராசவுண்ட்தான். முன்னங்காலின் பின்புறம் வீங்கி வில் மாதிரி வளைந்திருந்தால் மேல் தசைநாண் அறுந்திருக்கிறது என்று கையாலேயே சொல்லலாம். எவ்வளவு அறுந்தது, எந்த உயரத்தில் என்பதற்குத்தான் ஸ்கேன்.

மயிரை மழியுங்கள். முதலாளிக்குக் குதிரையின் அழகு முக்கியம், உங்களுக்கு முக்கியமில்லை. மயிருக்கிடையில் காற்று நின்றால் படம் முழுக்கப் புகைமூட்டம். வெந்நீரில் கழுவி, ஜெல் தடவி, ஐந்து நிமிடம் ஊறவிடுங்கள். புரோபைத் தசைநாணுக்குச் செங்குத்தாகப் பிடியுங்கள். கை கொஞ்சம் சாய்ந்தாலும் நல்ல நாண் கறுத்துத் தெரியும். இல்லாத காயத்துக்கு ஒரு குதிரையை எட்டு மாதம் லாயத்தில் கட்டிவைத்த ஆளை எனக்குத் தெரியும். குறுக்குவாட்டில் பார்த்ததை நெடுக்குவாட்டிலும் பாருங்கள். இரண்டிலும் கறுப்பு இருந்தால்தான் அது காயம்.

அடுத்த காலையும் ஸ்கேன் செய்யுங்கள். அந்தக் குதிரைக்கு எது இயல்பு என்பதை அதன் மறுகால்தான் காட்டும். கேனன் எலும்பின் நடுவில் மேல் தசைநாணின் குறுக்குப் பரப்பு ஏறக்குறைய ஒரு சதுர சென்டிமீட்டர். இரண்டு காலுக்கும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் வந்தால் விடாதீர்கள். சஸ்பென்சரி லிகமென்ட் தொடங்குமிடத்தில் மட்டும் எச்சரிக்கை: அங்கே இயல்பாகவே தசையும் கொழுப்பும் கலந்திருக்கும், கருந்திட்டுகள் தெரியும். பதறாதீர்கள்.

அடிபட்ட அன்றே அளந்து தீர்ப்புச் சொல்லவும் கூடாது. நாட்கள் போகப் போகக் காயம் பெரிதாகும். முதல் வாரக் கடைசியில் ஒருமுறை, அப்புறம் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று அதே உயரங்களில் அளந்து எழுதிவாருங்கள். ஆற ஒன்பது மாதம், ஒரு வருடம் ஆகும். ஆறாம் மாதம் குதிரை துள்ளிக்கொண்டு நிற்கும், முதலாளியும் துள்ளுவார். அப்போது கையில் அளவு இருந்தால்தான் வாய் பேசும்.

மரக்கடிக்கும் ஊசி போட்ட இடத்தில் அன்றே ஸ்கேன் வேண்டாம். ஊசியோடு போன காற்று மறைக்கும்.

8. வயிற்றுவலி வந்த குதிரைக்கு எக்ஸ்ரே பெரும்பாலும் உதவாது. அவ்வளவு பெரிய வயிற்றைத் துளைக்க நம் மெஷின்களுக்குத் தெம்பில்லை. ஸ்கேனில் சிறுகுடல் சுவர் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருக்கிறதா, உப்பி அசையாமல் கிடக்கிறதா என்று பாருங்கள். இடப்பக்கச் சிறுநீரகம் எங்கே தேடியும் கிடைக்கவில்லை என்றால், பெருங்குடல் மண்ணீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவில் ஏறிச் சிக்கியிருக்கலாம்.

9. குளம்புக்குள் அழற்சி வரும் லாமினைட்டிஸ் என்றால் பக்கவாட்டுப் படம் ஒன்று போதும், ஆனால் சரியாக எடுத்தது. குளம்பின் முன்சுவரில், மேல்விளிம்பு தொடங்கும் இடத்திலிருந்து கீழ்நோக்கிச் சின்னக் கம்பி ஒன்றை ஒட்டுங்கள். இரண்டு முன்னங்கால்களையும் ஒரே உயரக் கட்டைகளில் நிறுத்தி, கதிரைக் குளம்பெலும்பின் மட்டத்துக்கு இறக்குங்கள். எலும்பு எவ்வளவு சுழன்றது, எவ்வளவு அமிழ்ந்தது என்பதை அந்தக் கம்பியை வைத்துத்தான் அளப்பீர்கள்.

நல்ல காலையும் எடுங்கள். 2006-இல் கென்டக்கி டெர்பி வென்ற பார்பரோ, இரண்டே வாரத்தில் ப்ரீக்னஸ் பந்தயத்தில் வலது பின்னங்காலை உடைத்துக்கொண்டது. பென்சில்வேனியாவில் அறுவை மருத்துவர் டீன் ரிச்சர்ட்சன் தகடும் 27 திருகும் வைத்து எலும்பைச் சேர்த்தார். எலும்பு கூடிவந்தது. எடை முழுக்கத் தாங்கிய இடது பின்னங்காலில் லாமினைட்டிஸ் வந்தது. 2007 ஜனவரியில் கருணைக்கொலை செய்தார்கள்.

10. பெரிய மெஷின்களைப் பற்றிக் கனவு காணுங்கள், தப்பில்லை. குளம்புக்குள் ஆழ் தசைநாண் கிழிந்ததை எக்ஸ்ரே ஒருநாளும் காட்டாது. நாங்கள் 'நவிகுலர் நோய்' என்று பெயரிட்டு ஒதுக்கிய எத்தனையோ குதிரைகளுக்கு அதுதான் இருந்திருக்கும் என்பது எம்ஆர்ஐ வந்தபின் தெரிந்தது. இப்போது மயக்காமல், தூக்கமருந்தோடு நின்றபடியே எடுக்கிற எம்ஆர்ஐ இருக்கிறது, காந்தம் 0.27 டெஸ்லாதான், ஆனாலும் கிழிசல் தெரியும். அங்கேயும் லாடம் கழற்றியாக வேண்டும். உடைந்த ஆணித்துணுக்கு ஒன்று குளம்பில் மிச்சம் இருந்தாலும் படம் கெடும்.

கலிபோர்னியாவின் சான்டா அனிடாவில் 2018 டிசம்பரிலிருந்து 2019 ஜூன் வரை ஒரே சீசனில் 30 குதிரைகள் செத்தன. அதன்பிறகு அந்த மைதானத்திலேயே, நிற்கும் குதிரைக்கு எடுக்கிற பெட் ஸ்கேனரை வைத்தார்கள். மெல்போர்ன் கப்பில் 2020-இல் ஆன்டனி வான் டைக் என்ற குதிரை கால் முறிந்து இறந்தபின், 2021-இலிருந்து ஓடும் குதிரைகளுக்கு சிடி ஸ்கேன் கட்டாயம். இத்தனைக்கும் காரணம் ஒன்றே: பந்தயத்தில் முறியும் எலும்பு பெரும்பாலும் அன்று திடீரென்று முறிவதில்லை. வாரக்கணக்கில் களைத்துப்போன இடத்தில்தான் முறிகிறது. என் மூன்று வயதுக் குதிரையும் அப்படித்தான்.

11. இயல்பான நிழல்களை மனப்பாடம் செய்யுங்கள். கேனன் எலும்புக்கு இரத்தக்குழாய் நுழையும் துளை, குளம்பெலும்பின் நுனியில் உள்ள சிறு வெட்டு, ஃபெட்லாக் பின்னால் இருக்கும் காய்ப்பின் நிழல் எல்லாம் முறிவு வேஷம் போடும். குதிரை வாங்குகிறவருக்காகப் படம் பார்க்கும்போது இது இன்னும் முக்கியம். நொண்டாத குதிரையின் படத்தில் சின்னக் கோளாறு கண்டதும் 'வேண்டாம்' என்று எழுதிவிட்டால் உங்களுக்குப் பத்திரம். அந்தக் குதிரைக்கு அதோடு கதை முடிந்தது. எழுதும் முன் இன்னொருமுறை வெளியே கூட்டிவந்து ட்ராட் செய்யவையுங்கள்.

12. கேசட்டைக் கையால் பிடிக்காதீர்கள். நீளக் கைப்பிடி எதற்கு இருக்கிறது? கதிர்மூலத்திலிருந்து இரண்டு மடங்கு தள்ளி நின்றால் கதிர் நாலில் ஒன்றாகும். உடம்பில் பட்ட கதிரை அளக்கும் டிஎல்டி பேட்ஜை அலமாரியில் மாட்டிவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் அதை எதற்கு வாங்கினார்களோ. நம் நாட்டில் ஒரு ஊழியருக்கு ஐந்து வருடச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருடத்திலும் 30-க்கு மேல் போகக்கூடாது. கர்ப்பிணிகளையும் வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளையும் வெளியே அனுப்புங்கள். தூக்கமருந்து போட்ட குதிரை உதைக்காது என்று நினைத்து அதன் பின்னால் குனியாதீர்கள்.

ஈயக் கவசத்தை மடித்து வைக்காதீர்கள், தொங்கவிடுங்கள். மடித்தால் உள்ளே ஈயம் விரியும். மேல்துணி புதிதுபோலவே இருக்கும். வருடத்துக்கு ஒருமுறை அந்தக் கவசத்தையே எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். நான் முதன்முதலாக எடுத்தபோது எனக்கு இருபது வருட சர்வீஸ். இடுப்புக்கு நேரே, நான்கு விரல் நீளத்துக்கு ஒரு கோடு.