இன்ஜினை மாற்றும் முன் திறந்து பாருங்கள்

கேள்வி: 2012 ஜூனில் பதிவான ஆடி க்யூ7, 3.0 டீசல் வைத்திருக்கிறேன். 1,60,000 கி.மீ. ஓடியிருக்கிறது. போன மாதம் திண்டிவனம் தாண்டி வரும்போது கூலன்ட் ஹோஸ் கிழிந்துவிட்டது. விளக்கு எரிந்தும், 'முள் ஏறலையே' என்று டிரைவர் ஓட்டிக்கொண்டே வந்திருக்கிறார், வண்டி நின்றேவிட்டது. புது இன்ஜினுக்கு 16 லட்சம் கேட்கிறார்கள். வெளி மெக்கானிக் ஒருவர் பழைய இன்ஜின் போட்டு 6 லட்சத்தில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். ஓடுகிற நிலையில் இருந்தால் வண்டி 8 லட்சத்துக்குப் போகுமாம். மாற்றலாமா?
- வாசகர், சென்னை

பதில்: 16 லட்சத்தை மறந்துவிடுங்கள். 8 லட்ச ரூபாய் வண்டிக்கு அது எந்தக் கணக்கிலும் அடங்காது. அதற்காக 6 லட்சத்துக்கு உடனே தலையாட்டவும் வேண்டாம். இன்ஜினை யாராவது திறந்து பார்த்தார்களா என்று நீங்கள் எழுதவே இல்லையே!

(டிரைவரைத் திட்டியிருந்தால் போதும், விட்டுவிடுங்கள். சென்சார் கூலன்டில் நனைந்திருந்தால்தான் சூட்டைச் சரியாகச் சொல்லும். கூலன்ட் முழுக்க வடிந்த பிறகு முள்ளை நம்ப முடியாது.)

இந்த வி6 இன்ஜினின் பிளாக் வார்ப்பிரும்பு, அதிலும் வலுக்கூட்டிய ரகம். மேலே உள்ள இரண்டு ஹெட்டும் அலுமினியம். கூலன்ட் இல்லாமல் ஓடினால் முதலில் வளைவது ஹெட்தான். கேஸ்கெட் போய், ஹெட் வளைந்து, பிளாக் தப்பித்த வண்டிகள் நிறைய உண்டு. அப்படியென்றால் ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சரிபார்த்து, தேவைப்பட்டால் மாற்றினாலே போதும். ஆனால் ஹெட் நேராக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. அதிகம் சூடேறிய அலுமினியம் இளகிப்போகும், கடினத்தன்மையையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

பிளாக்கின் கதையைத் தெரிந்துகொள்ள, குளோ பிளக்கைக் கழற்றி அந்தத் துளை வழியே சிறு கேமராவை விட வேண்டும். சிலிண்டர் சுவரில் மேலும் கீழுமாகக் கோடு கோடாகக் கீறல் தெரிந்தால் பிஸ்டன் உரசியிருக்கிறது. ஆயில் ஃபில்டரை அறுத்து, அதன் மடிப்புகளை விரித்து வெயிலில் பிடியுங்கள். மின்னுகிற துகள் இருந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. இதற்கெல்லாம் ஆவது சில ஆயிரம்தான். நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள்.

பிளாக்கும் போய்விட்டது என்றால்தான் உங்கள் கேள்வி வருகிறது. என்னைக் கேட்டால், அப்போது பார்க்க வேண்டியது இன்ஜினை அல்ல, மிச்ச வண்டியை. கியர்பாக்ஸ் உதறாமல் மாறுகிறதா? ஏர் சஸ்பென்ஷன் இருந்தால், ராத்திரி நிறுத்திய வண்டி காலையில் ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கிறதா? இந்த இரண்டில் ஒன்று தகராறு செய்தாலும் இன்ஜினில் பணம் போடாதீர்கள். இருக்கிற நிலையிலேயே விற்றுவிடுங்கள். பார்ட்ஸுக்காக வாங்க ஆள் இருக்கிறது. இரண்டும் நன்றாக இருந்து, இன்னும் நான்கைந்து வருஷம் நீங்களே வைத்து ஓட்டுவதாக இருந்தால் மட்டும் பழைய இன்ஜினுக்குப் போகலாம். மாற்றிய கையோடு விற்றால் போட்ட 6 லட்சம் முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது.

பழைய இன்ஜின் புதுப்பேட்டையில் கிடைத்தாலும் 'ஹாஃப் கட்'டாக (இன்ஜினோடு வெட்டிய பாதி வண்டியாக) வந்தாலும், 3.0 டிடிஐ என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். அந்தப் பெயரில் பல ரகம் வந்திருக்கிறது. இன்ஜின் கோடு எழுத்துகள் உங்கள் வண்டியோடு ஒத்துப்போக வேண்டும். மாட்டுவதற்கு முன் டைமிங் செயின், டென்ஷனர், பின் ஆயில் சீல் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுவிடச் சொல்லுங்கள். இந்த இன்ஜினில் செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது; பின்னால் அதில் சத்தம் வந்தால் மறுபடி இன்ஜினை இறக்க வேண்டியிருக்கும்.

காகித விஷயத்தைப் பெரும்பாலான மெக்கானிக்குகள் சொல்ல மாட்டார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி இன்ஜின் மாற்றத்தை ஆர்டிஓ-வில் தெரிவித்து, புது நம்பரை ஆர்சி-யில் ஏற்ற வேண்டும். பில் இல்லாத இன்ஜினுக்கு அது நடக்காது. நம்பர் ஒத்துப்போகாத வண்டி விபத்தில் சிக்கினால் இன்ஷூரன்ஸிலும் சிக்கல். உங்கள் ஆர்சி-க்கு 2027 ஜூனில் 15 வருஷம் முடிகிறது. புதுப்பிக்கப் போகும்போது சேஸிஸ் நம்பரோடு இன்ஜின் நம்பரையும் பார்ப்பார்கள். ஆகவே மெக்கானிக் இன்ஜின் பில்லைக் காட்டிய பிறகே அவருக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.