குளித்துவிட்டாலும் கூட்டிப் போங்கள்

பாலியல் வன்முறைக்கு ஆளான பெண் முதலில் வாய் திறப்பது பெரும்பாலும் அறைத்தோழியிடம், அக்காவிடம், ஹாஸ்டல் வார்டனிடம். போலீசும் டாக்டரும் அதற்கு அப்புறம்தான். மறைமலைநகர், சிங்கப்பெருமாள்கோவில் பக்கம் வெளியூரிலிருந்து வந்து கம்பெனி வேலை பார்க்கும் பெண்கள் ஏராளம். பலருக்குப் பெற்றோர் பக்கத்தில் இல்லை. அப்படி ஒருத்தி உங்களிடம் வந்து சொன்னால் என்ன செய்வது என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

கிளம்பும் முன்

"ஏன் குளிச்சே?" என்று கேட்காதீர்கள். குளிக்காமல், வாய் கொப்பளிக்காமல், உடை மாற்றாமல் இருந்தால் தடயம் கூடுதலாகக் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் குளித்த பிறகும் துணியில், நகக்கண்ணில், உடம்பின் உட்பகுதியில் அது மிஞ்சியிருக்கலாம். மத்திய சுகாதார அமைச்சகம் 2014-ல் வெளியிட்ட நெறிமுறை 96 மணி நேரம், அதாவது நான்கு நாள் வரை மாதிரி எடுக்கச் சொல்கிறது. மூன்று நாளுக்கு மேல் வாய்ப்பு வெகுவாகக் குறையும் என்பதால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நான்கு நாள் தாண்டியிருந்தாலும் காயத்தைப் பதியலாம், துணியை ஒப்படைக்கலாம், சிகிச்சை பெறலாம்.

சம்பவத்தின்போது போட்டிருந்த எல்லாவற்றையும், உள்ளாடையும் நாப்கினும் உட்பட, துவைக்காமல் எடுங்கள். ஈரமாக இருந்தால் நிழலில் உலர்த்தி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுத்தமான காகிதத்தில் மடியுங்கள். அவசரத்தில் கைக்கு அகப்படுவது பிளாஸ்டிக் கவரோ ஜவுளிக்கடைக் கட்டைப்பையோதான், இரண்டும் வேண்டாம். பிளாஸ்டிக்கில் ஈரம் அடைபட்டுப் பூஞ்சை பிடிக்கும், டி.என்.ஏ. சிதையும். வேறு சாமான் கிடந்த பையில் வேறு தடயம் ஒட்டும். உலர்த்த நேரமில்லையா? அப்படியே காகிதத்தில் சுற்றி எடுத்துப் போங்கள், ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்வார்கள்.

எந்த ஆஸ்பத்திரி

"எஃப்.ஐ.ஆர். போட்டுட்டு வாங்க" என்பது நம்மூரில் அடிக்கடி கேட்கும் பேச்சு. அது சட்டம் இல்லை. போலீசுக்குப் போகாமலே நேராக ஆஸ்பத்திரிக்குப் போகலாம். அங்கே ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் எழுதி, போலீசுக்குத் தகவல் அனுப்புவது ஆஸ்பத்திரியின் வேலை. இந்தப் பகுதிக்குச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, 108-ஐ அழைக்கலாம். ரத்தப்போக்கோ மயக்கமோ இருந்தால் அருகிலுள்ள தனியார் ஆஸ்பத்திரிக்குள் நுழையுங்கள். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.) சட்டத்தின் 397-வது பிரிவுப்படி எந்த ஆஸ்பத்திரியும் முதலுதவியும் சிகிச்சையும் இலவசமாகத் தரவேண்டும். மறுத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு.

வயது 18-க்குக் கீழே என்றால் போக்சோ சட்டம். சிறுமியைப் பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும். பெற்றோரோ அவள் நம்பும் ஒருவரோ உடனிருக்க வேண்டும். இதற்கும் எஃப்.ஐ.ஆர். தேவையில்லை. குழந்தை விஷயத்தில் போலீசுக்குத் தெரிவிப்பது கட்டாயம். வளர்ந்த பெண் வழக்கு வேண்டாம் என்றால், தகவல் போனாலும், அவள் விருப்பமின்மையை எழுதி வாங்கிக்கொண்டு சிகிச்சையைத் தொடர வேண்டும்.

அறைக்குள்

பரிசோதனை அறைக்குள் போலீஸ் இருக்கக் கூடாது. டாக்டர் சிகிச்சைக்கு, பரிசோதனைக்கு, மாதிரி எடுப்பதற்கு எனத் தனித்தனியாகச் சம்மதம் கேட்க வேண்டும். ஒன்றுக்குச் சரி என்று இன்னொன்றுக்கு வேண்டாம் எனலாம், பாதியில் நிறுத்தவும் சொல்லலாம். ஒடியாவோ இந்தியோ மட்டும் பேசுகிறவளுக்கு மொழிபெயர்ப்பவரைக் கேளுங்கள்; கம்பெனி சூப்பர்வைசரை அந்த வேலைக்கு உட்கார வைக்காதீர்கள்.

எழுதப்படுவது

இங்கேதான் பல வழக்குகள் நிற்பதும் விழுவதும். நடந்ததை அவள் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும். அதற்குப் பிறகு குளித்தாளா, சிறுநீர் கழித்தாளா, உடை மாற்றினாளா, அவன் ஆணுறை பயன்படுத்தினானா என்பவையும் பதிவாக வேண்டும். விந்தணு கிடைக்கவில்லை என்று ஆய்வக அறிக்கை வரும்போது, ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு விடை இந்த வரிகளில்தான் இருக்கும். காயத்தின் இடம், நீள அகலம், நிறம் எல்லாம் வேண்டும். "சிராய்ப்பு உள்ளது" என்று மொட்டையாக எழுதினால் போதாது. கன்றிய காயம் சில சமயம் இரண்டு நாள் கழித்தே தெரியும், அப்போது மறுபடி காட்டிப் பதியுங்கள்.

எழுதக் கூடாததும் உண்டு. "உடலுறவுக்குப் பழக்கப்பட்டவர்" என்ற வரிக்கு இடமே இல்லை. அந்த வரிக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டுவந்த இரு விரல் சோதனை கூடாது என்று 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதைத் தடைசெய்யத் தமிழக அரசுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில், அதைச் செய்பவர் நன்னடத்தை தவறியவர் ஆவார் என்றது உச்ச நீதிமன்றம். யாராவது இன்னும் செய்ய முனைந்தால் மறுத்துவிடுங்கள்.

காயம் இல்லையென்றால் எதுவும் நடக்கவில்லை என்று பொருளாகாது. பயத்தில் உறைந்தவள், மயக்க மருந்து கொடுக்கப்பட்டவள், மிரட்டலுக்குப் பணிந்தவள் ஆகியோரின் உடம்பில் கீறல்கூட இல்லாமல் இருக்கலாம். டாக்டர் இதைக் கருத்துரையிலேயே எழுதலாம். வாச்சாத்தி என்ற மலைக் கிராமத்துப் பெண்கள் மீது 1992 ஜூனில் நடந்த பாலியல் வன்முறையை சி.பி.ஐ. கையில் எடுத்தது 1995-ல். உடம்பில் தடயம் தேடும் காலம் என்றைக்கோ போய்விட்டிருந்தது. ஆனாலும் 2011-ல் 17 பேர் மீது பாலியல் வன்முறைக் குற்றம் உறுதியானது. 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றமும் தீர்ப்பை ஏற்றது. அந்தப் பெண்களின் வாய்மொழிதான் அங்கே நின்றது. மருத்துவச் சான்று அதற்குத் துணை, மாற்று அல்ல.

சீலும் மருந்தும்

மாதிரி எடுத்த பஞ்சுக் குச்சிகள் (ஸ்வாப்) நிழலில் உலர்ந்து, உறையிலிட்டு, சீல் வைக்கப்பட்டு, தேதி, நேரம், கையெழுத்தோடு இருக்க வேண்டும். போலீஸ் வராவிட்டால் ஆஸ்பத்திரியே பத்திரமாக வைத்திருக்க வேண்டும். கைமாறும்போது ஒப்புகை வேண்டும். டாக்டரின் அறிக்கை ஏழு நாளுக்குள் விசாரணை அதிகாரிக்குப் போக வேண்டும்.

தடய மும்முரத்தில் மருந்து மறந்துபோவது கண்கூடு. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டியது. அவசரக் கருத்தடை மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் கொடுக்க வேண்டும். ஐந்து நாள் வரை பயன் உண்டு. கர்ப்பம் தரித்துவிட்டால் 24 வாரம் வரை கலைக்கச் சட்டம் இடம் தருகிறது. அப்போது கலைத்த கருவின் திசுவை ஃபார்மலினில் போடாமல் சலைனில் வைக்கச் சொல்லுங்கள், ஃபார்மலின் டி.என்.ஏ.வைக் கெடுத்துவிடும்.

வெளியே வரும் முன் ஏ.ஆர். நகலும் பரிசோதனை அறிக்கை நகலும் கேட்டு வாங்குங்கள், இரண்டும் இலவசம். தங்க இடம், ஆலோசனை, வக்கீல் உதவிக்கு 181; குழந்தை என்றால் 1098. இழப்பீட்டு மனுவை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கொடுக்கலாம். அவள் பெயரையோ படத்தையோ ஹாஸ்டல் வாட்ஸ்அப் குழுவில் யாரும் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதுவும் தண்டனைக்குரிய குற்றம்தான்.