தற்குறிப்பேற்றம்

காற்று வீசுகின்றது, மதில்மேற் கொடி அசைகின்றது. இஃது இயற்கை. அக்கொடி வழிச்செல்வானொருவனை 'வாராதே' என்று கைகாட்டி விலக்குகின்றதெனப் புலவன் கூறின், அது தற்குறிப்பேற்றமாம். பொருள்களிடத்து இயல்பாய் நிகழுஞ் செயலுக்கு, உரிய காரணத்தை விடுத்துப் புலவன் தான் கருதியதொன்றை ஏற்றிக் கூறுவதே இவ்வணியென்பது தண்டியலங்காரத்தின் கொள்கை. அந்நூல் வகுத்த பொருளணிகள் 35-னுள் இதுவுமொன்று.

என்னோடு பயிலும் நண்பரொருவர் இவ்வணியைச் சிறிதும் விரும்பார். "கொடிக்குக் கருத்தேது? பொய்யுரையை அழகென்று போற்றுதல் தகுமோ?" என்பது அவர் கேள்வி. அவர்க்குத் துணையும் உண்டு. ஜான் ரஸ்கின் என்னும் ஆங்கில அறிஞர், 1856-ஆம் ஆண்டில் வெளிவந்த 'நவீன ஓவியர்' மூன்றாம் தொகுதியில், கடல்நுரையைக் கொடியதென்று கூறுவதை எடுத்துக்கொண்டு, நுரை கொடியதன்று, துயரால் நிலைகலங்கிய மனமே அதனை அவ்வாறு காண்கின்றது என்று காட்டினார். கேள்வி எளிதன்று, யான் அன்று விடைகூறாது வாளாவிருந்தேன்.

பின்னர்ச் சிலப்பதிகாரத்துப் புறஞ்சேரியிறுத்த காதையை மீண்டும் பயின்றேன். கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு வையைக் கரையை அடைகின்றனர். ஆறு மலர்களால் மூடப்பட்டுள்ளது. கண்ணகிக்கு நேரவிருப்பதை அறிந்தவள்போல, வையை மகள் மலராடை போர்த்துத் தன் கண்ணீரை மறைத்தாள் என்கிறார் அடிகள். ஆயின் அவ்விருவரும் கண்டது யாது? இது நீர்யாறன்று, பூவின் யாறென்று வியந்து தொழுதனர், அவ்வளவே. கண்ணீரை அவர்கள் காணவில்லை. அப்பாற் சென்று மதிற்கொடி மறித்துக் கைகாட்டுவதையும் அறிந்திலர். அறிந்தவர் இருவரே: பாடிய அடிகளும், கதையின் முடிவையுணர்ந்து படிக்கும் நாமும்.

இதுவே யான் கண்ட விடை. ரஸ்கின் குறைகூறியது, துயரில் ஆழ்ந்தோன் தன் மயக்கத்தைப் பொருளின்மேல் ஏற்றுவதை. இங்கோ மயக்கம் எவர்க்குமில்லை. கதைமாந்தர் அறியாததைப் புலவர் நம் செவியில் மட்டும் ஓதுகின்றார். கொடி அசைந்தது மெய். பூ மிதந்ததும் மெய். அவற்றின் காரணத்தைக் கூறுமிடத்தில் 'போல' என்னும் சிறுசொல்லை இரண்டிடத்தும் மறவாது வைத்தார். உண்மைக்குச் செலுத்தவேண்டிய கடனை அச்சொல் செலுத்திவிடுகின்றது.

கம்பரும் மிதிலைக் கொடிகளை இவ்வாறே கைகளாக்கினார். ஆனால் அவை விலக்கவில்லை. திருமகள் இங்கிருக்கின்றாள், விரைந்து வருக என்று இராமனை அழைப்பனபோல் அசைகின்றன. சீதையை அவன் இன்னுங் கண்டிலன். அவ்வூரில் தனக்கு நிகழவிருப்பதையும் அறியான். ஈண்டும் செய்தி நமக்கே.

புலவர்க்கும் படிப்போர்க்கும் பொதுவாய் இத்தகைய அறிவொன்று இல்லாதவிடத்து அணி வெறும் பூச்சாகின்றது. சென்ற ஆண்டு யான் எழுதிய கட்டுரையொன்றில் கதிரவன் நாணி மறைந்தான் என்றெழுதினேன். ஆசிரியர் அவ்வரியின்கீழ்க் கோடிட்டு, "எதற்கு நாணினான்?" என்று மட்டும் எழுதியிருந்தார். இன்றளவும் அதற்கு என்னிடம் விடையில்லை.

நண்பர் மதுரைக் கொடியை ஒப்புக்கொண்டார். மிதிலைக் கொடியை இன்னும் ஒப்பவில்லை. இடர் வருமுன் எச்சரிப்பதிற் பொருளுண்டு, தானே வரப்போகும் மங்கலத்தை முன்கூட்டி உரைப்பதேன் என்கிறார். மிதிலைக்காட்சிப் படலம் முழுவதையும் படித்தபின் பேசுவோமென்று தவணை வாங்கியிருக்கின்றேன்.